வெந்நீர் வராத ஹீட்டரும் கருகிய நியூட்ரலும்: ஒரு வீட்டு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம் நீலகிரியில் ஒரு சிற்றூர். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில், ஒரே ஒப்பந்ததாரர் ஒரே காலத்தில் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. வீட்டில் நான்கு பேர்: ஓய்வு பெற்ற பெரியவர், அவருடைய மனைவி, மகன், மருமகள். சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. வீடு கட்டியபோது அங்கே இருந்த மின்சாமான்கள் சில பல்புகள், ஒரு டிவி, ஒரு மிக்ஸி, அவ்வளவுதான். குளிக்க வெந்நீர் விறகு பாய்லரில் காய்ந்தது. அந்தக் கணக்குக்கு ஏற்றபடி வீடு முழுவதற்கும் 1.5 ஸ்கொயர் (குறுக்குவெட்டுப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் இழுத்திருந்தார்கள். அன்றைக்கு அது தவறே இல்லை.

பிறகு விறகு கிடைப்பது குறைந்தது, பெரியவருக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. பாய்லரைத் தூக்கிவிட்டு 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் வாங்கினார்கள். அதற்கென்று தனி லைன் இழுக்கவில்லை. சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்த லைனை நடுவழியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் பிரித்து, குளியலறைச் சுவரில் ஒரு 16 ஆம்பியர் பிளக் வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் அப்போது வந்தவர். இன்னும் சில காலம் கழித்து சமையலறையில் இண்டக்ஷன் அடுப்பும் வந்து சேர்ந்தது. ஆக, பல்புக்கு என்று போட்ட ஒயரில் ஹீட்டரும் அடுப்பும் ஒன்றாக உட்கார்ந்துகொண்டன.

நான் மின்வேலை ஒப்பந்தக்காரன். என்னைக் கூப்பிட்டது டிசம்பர் மாதம். கூப்பிட்ட காரணம் தீ, ஷாக் எதுவும் இல்லை. "ஹீட்டர்ல தண்ணி முன்ன மாதிரி சுடலை, கரண்ட் வீக்கா வருதான்னு பார்த்துச் சொல்லுங்க" என்பதுதான்.

எனக்கு முன்பு நடந்தவை

நான் போவதற்குள் மூன்று விஷயங்கள் நடந்து முடிந்திருந்தன. அவற்றை வரிசையாகச் சொல்லியாக வேண்டும்.

முதலில், தண்ணீர் சுடவில்லை என்று ஹீட்டருக்கு மெக்கானிக் வந்தார். எலிமென்ட்டின் தடையைப் பார்த்தார், தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார், இரண்டும் சரியாக இருந்தன. "உங்க வீட்டு வோல்டேஜ்தான் கம்மி" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை.

அடுத்து, காலையில் ஹீட்டரும் அடுப்பும் ஒன்றாக ஓடும்போது எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் லைனைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழ ஆரம்பித்தது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அது. பக்கத்துத் தெருவில் வேலை தெரிந்த ஒருவர் வந்து, எம்.சி.பி. பழசாகிவிட்டது என்று 32 ஆம்பியர் ஒன்றை மாட்டிவிட்டார். அதோடு விழுவது நின்றது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

மூன்றாவது, கருவாட்டு வாடை. காலை வேளையில் குளியலறைக்கு வெளியே உள்ள நடையில் லேசாக அடிக்கும், பத்து மணிக்கெல்லாம் போய்விடும். பூனை எங்கேயோ மீனைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று பாட்டி பரண் வரைக்கும் தேடிப் பார்த்திருக்கிறார். சுவிட்ச், பிளக், ஜங்ஷன் பாக்ஸ் மூடி ஆகியவற்றில் பயன்படும் சில பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் வாடை அடிக்கும். கருகின வாடை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இது வந்துவிடும். வாடையை என்னிடம் யாரும் புகாராகச் சொல்லவில்லை. மருமகள் பேச்சுவாக்கில் சொன்னார். அதைக் கேட்டதும் ஹீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நடையில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைப் பார்த்தேன். வெள்ளை மூடியின் ஒரு ஓரம் டீக்கறை நிறத்தில் இருந்தது.

அளந்து பார்த்தது

வோல்டேஜ் பார்க்கச் சொன்னால் பலரும் ஹீட்டரை அணைத்துவிட்டு பிளக்கில் மீட்டரை வைப்பார்கள். அப்படி வைத்தால் இந்த வீட்டில் 229 காட்டியது. குறையே சொல்ல முடியாது. கரண்ட் ஓடாத ஒயரில் வோல்டேஜ் இறங்காது. எவ்வளவு மோசமான இணைப்பும் அப்போது நல்ல பிள்ளையாக நிற்கும். ஆகவே ஹீட்டரை ஓடவிட்டு அளந்தேன். மீட்டர் போர்டில் 226 வோல்ட். குளியலறை பிளக்கில் 216. கிளாம்ப் மீட்டரில் கரண்ட் 12 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே.

நடுவில் 10 வோல்ட் காணவில்லை. அது எங்கே போனது?

கணக்கு பெரியதல்ல. போர்டிலிருந்து பிளக் வரை ஒயர் ஓடும் தூரம் சுமார் 18 மீட்டர். போக, வர 36 மீட்டர். 1.5 ஸ்கொயர் செம்பு ஒயரின் தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம். 36 மீட்டருக்கு 0.44 ஓம், ஒயர் சூடான நிலையில் 0.49 வரை போகும். 12.25 ஆம்பியரால் பெருக்கினால் 6 வோல்ட். அதாவது காணாமல்போன 10 வோல்ட்டில் 6 வோல்ட் ஒயருக்கே சேரவேண்டியது. ஒயர் மெலிசு, தூரம் அதிகம். மிச்சம் 4 வோல்ட் இணைப்புகளில்தான் இறங்கியிருக்க வேண்டும். பிளக் முனையில் பிடித்துப் பார்த்ததில் அங்கே 1 வோல்ட் இருந்தது. ஆக, ஜங்ஷன் பாக்ஸுக்குள் 3 வோல்ட்.

3 வோல்ட் என்றால் யாருக்கும் பயம் வராது. ஆனால் அந்த இடத்தில் 12 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. மூன்றைப் பன்னிரண்டேகாலால் பெருக்கினால் 37 வாட். கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடப் பெரிய ஒன்றை மூடிய பெட்டிக்குள் வைத்துத் தினமும் ஒரு மணி நேரம் சூடேற்றிக்கொண்டிருந்தது போலத்தான் இது.

இன்னொரு அளவு இன்னும் கவலை தந்தது. ஹீட்டர் ஓடும்போது பிளக்கில் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த் பின்னுக்கும் (கசியும் கரண்டை மண்ணுக்கு அனுப்பும் முனை) நடுவே மீட்டரை வைத்தேன். பூஜ்யம். சாதாரணமாக இங்கே சில வோல்ட் காட்ட வேண்டும். ஏனென்றால் நியூட்ரல் ஒயரில் கரண்ட் ஓடி வோல்டேஜ் இறங்குகிறது, எர்த் ஒயரில் ஓடுவதில்லை. லோடு ஓடும்போது சுத்தமாகப் பூஜ்யம் என்றால் இரண்டும் அருகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும். மீட்டர் போர்டின் எர்த்திலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்துவந்து, வெந்நீர்க் குழாயின் உலோக முனைக்கும் அதற்கும் நடுவே அளந்தேன். ஏறக்குறைய 6 வோல்ட். கையில் உறைக்காத அளவு, ஆனால் அங்கே இருக்கவே கூடாத அளவு.

மெயினை அணைத்த பிறகு

ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். ஃபேஸ் (கரண்ட் உள்ளே வரும் ஒயர்) இணைப்பு ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. நியூட்ரலில் மூன்று ஒயர்களை வெறுமனே கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி வழிந்து மறுபடி இறுகிப் போயிருந்தது. அதைப் பிரித்தால் உள்ளே செம்பு செம்பாக இல்லை, கரியாக இருந்தது. முறுக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பளபளப்பு. கரண்ட் முழுவதும் அந்தச் சின்னப் பொட்டு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒயரின் மேலுறையை விரலால் தொட்டதும் பொடிந்து உதிர்ந்தது. வீட்டு ஒயர்களின் பி.வி.சி. உறை தொடர்ந்து தாங்கக்கூடியது 70 டிகிரி. இது அதைத் தாண்டிப் பல காலைகள் ஆகியிருக்க வேண்டும்.

பிறகு பிளக்கைக் கழற்றினோம். எர்த் பின்னிலிருந்து ஒரு சின்னத் துண்டு ஒயர் நியூட்ரல் முனைக்குப் போயிருந்தது. போர்டிலிருந்து எர்த் ஒயரே வரவில்லை. ஹீட்டருக்கு எர்த் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், லைன் இழுக்கச் சோம்பல்பட்டு ஒருவர் இப்படி முடித்திருக்கிறார். இதில் சூது என்னவென்றால், டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே பிடித்தால் பளிச்சென்று எரியும். "எர்த் சூப்பரா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்துவிடலாம்.

இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால்தான் விஷயத்தின் கனம் தெரியும். கருகிக்கொண்டிருந்தது நியூட்ரல். அது ஒருநாள் முழுவதுமாக அறுந்துவிட்டால்? ஃபேஸ் ஹீட்டர் எலிமென்ட்டுக்குள் போகும், மறுபக்கம் வெளியே வரும், திரும்பிப் போக வழி இருக்காது. அந்தத் துண்டு ஒயர் வழியாக எர்த் பின்னுக்கு ஏறி, அங்கிருந்து ஹீட்டர் தொட்டிக்கும் குழாய்க்கும் வந்து நிற்கும். எலிமென்ட்டின் தடை 18 ஓமுக்கும் குறைவு. மனித உடலோடு ஒப்பிட்டால் அது ஒரு தடையே இல்லை. குழாயில் கை வைப்பவருக்குக் கிட்டத்தட்ட முழு 230 வோல்ட். ஈரத் தரை, ஈரக் கை. "தண்ணி ஏன் சுடலை" என்று யாராவது குழாயைத் திருப்பிப் பார்க்கும் அதே நொடி.

ஏன் அந்த இடத்தில் மட்டும்

மகன் பொறியியல் படித்தவர். அவர் கேட்ட கேள்வி நியாயமானது: ஒரே கரண்ட்தானே எல்லா இடத்திலும் ஓடுகிறது, இந்த ஒரு இடம் மட்டும் ஏன் கருக வேண்டும்?

கடத்தியில் உண்டாகும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தையும் தடையையும் பொறுத்தது என்று 1840-41இல் ஜூல் சோதித்துக் காட்டினார். பள்ளிப் புத்தகத்தில் எல்லாரும் படித்ததுதான். நம் வீட்டு ஒயரிங்கில் அது இப்படி வேலை செய்கிறது. 36 மீட்டர் ஒயரில் 6 வோல்ட் இறங்குகிறது, அதாவது 73 வாட் வீணாகிறது. ஆனால் அந்த 73 வாட் 36 மீட்டருக்கும் பரவிக்கிடக்கிறது. மீட்டருக்கு 2 வாட். சுவர் அதை உறிஞ்சிக்கொள்ளும், கை வைத்தால் வெதுவெதுப்பு கூடத் தெரியாது. இணைப்பில் வீணாவது அதில் பாதிதான், 37 வாட். ஆனால் அது விரல் நுனி அளவு இடத்தில் குவிகிறது. மொத்த வெப்பம் எவ்வளவு என்பதைவிட, எத்தனை சின்ன இடத்தில் என்பதுதான் எரிவதைத் தீர்மானிக்கிறது.

அப்புறம், அந்தத் தடை ஒரே அளவில் நிற்பதும் இல்லை. ஹீட்டர் ஓடும்போது முறுக்கு சூடாகி விரிகிறது, அணைத்ததும் மலைக்குளிரில் சுருங்குகிறது. தினமும் இது நடக்கும்போது முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. தளர்ந்த இடுக்கில் காற்றும் ஈரமும் புகுந்து செம்பின்மேல் ஆக்சைடு படிகிறது, தடை கூடுகிறது. தடை கூடினால் வெப்பம் கூடுகிறது, வெப்பம் கூடினால் ஆக்சைடு இன்னும் வேகமாகப் படிகிறது. தொடக்கத்தில் வருடக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. கடைசிக் கட்டம் சில வாரங்களில் முடிந்துவிடும்.

வர்க்கம் என்பது எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இண்டக்ஷன் அடுப்பே சாட்சி. அடுப்பின் கரண்டும் அதே நியூட்ரல் முறுக்கு வழியாகத்தான் திரும்புகிறது. ஹீட்டரின் 12 ஆம்பியரோடு அடுப்பின் 8 சேர்ந்து 20 ஆனால், கரண்ட் கூடியது ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். வெப்பமோ 37 வாட்டிலிருந்து 98 வாட் ஆகிறது. கருவாட்டு வாடை காலையில் மட்டும் அடித்ததற்குக் காரணம் அதுதான். இரண்டும் ஒன்றாக ஓடிய நேரம் அது.

எம்.சி.பி. பார்த்ததும் பார்க்காததும்

"இவ்வளவு நடந்திருக்கு, எம்.சி.பி. ஏன் விழலை?" என்றார் பெரியவர்.

எம்.சி.பி.க்குத் தெரிந்தது கரண்ட் மட்டும்தான். அளவுக்கு மேல் ஓடினால் உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை வளைந்து இணைப்பைத் துண்டிக்கும்; ஷார்ட் ஆனால் காந்தச் சுருள் உடனே துண்டிக்கும். லூஸ் கான்டாக்டில் கரண்ட் கூடுவதில்லை, தடை சேர்வதால் சற்றுக் குறையவே செய்கிறது. எம்.சி.பி. பார்வையில் எல்லாம் சுகம். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தாலும் இந்தக் கருகலை அது கண்டுபிடித்திருக்காது. அது பார்ப்பது போன கரண்ட் முழுவதும் திரும்பி வருகிறதா என்பதை மட்டும். எர்த்தையும் நியூட்ரலையும் முடிச்சுப் போட்ட இந்தப் பிளக்கில், ஹீட்டருக்குள் கசிவு ஏற்பட்டாலும் அந்தக் கரண்ட் நியூட்ரல் வழியாகவே திரும்பி வந்து ஆர்.சி.சி.பி.யை ஏமாற்றியிருக்கும்.

ஆனால் பழைய 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது: இந்த ஒயரில் 20 ஆம்பியர் ஓடக் கூடாது. விழுகிற எம்.சி.பி.யைத் தொல்லை என்று நினைத்து அதைவிடப் பெரியதை மாட்டுவது நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. எம்.சி.பி.யின் அளவு ஒயரைப் பார்த்து வைப்பது, சாமானைப் பார்த்து அல்ல. சுவருக்குள் பைப்பில் ஓடும் 1.5 ஸ்கொயர் ஒயருக்கு 32 ஆம்பியர் காவல் என்றால், ஒயர் எரிந்த பிறகுதான் காவல்காரர் எழுந்திருப்பார்.

எடுத்த முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள்

அன்று மாலையே ஹீட்டர் பிளக்கைத் துண்டித்தேன். நியூட்ரல் இணைப்பைப் புதிதாக முறுக்கிக் கொடுத்துவிட்டால் மறுநாள் காலை வெந்நீர் வரும், அதைத்தான் வீட்டாரும் கேட்டார்கள். உறைபனி விழும் மாதத்தில் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஹீட்டரைப் பிடுங்குவது லேசான விஷயம் அல்ல. ஆனால் எர்த் இல்லாத ஹீட்டரை நானே ஓடவிட்டுப் போக முடியாது. கேஸ் அடுப்பில் தண்ணீர் காய வைத்துக்கொள்ளச் சொன்னேன். பாட்டிக்குக் கோபம்தான்.

மறுநாள் உட்கார்ந்து பேசியபோது மகன் இன்னொரு கேள்வியை எழுப்பினார். இவ்வளவு செலவு செய்து ஒயரிங் மாற்றுவதற்குப் பதில், வெந்நீருக்குக் கரண்டே வேண்டாம் என்று வேறு வழிக்குப் போய்விடலாமே? கேட்க வேண்டிய கேள்வி. அதனால் கணக்கைப் போட்டோம்.

டிசம்பரில் குழாய்த் தண்ணீர் 14 டிகிரி இருந்தது. ஒரு ஆளுக்கு 20 லிட்டர் வாளி, 40 டிகிரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.186 கிலோஜூல் வேண்டும். 20 லிட்டரை 26 டிகிரி ஏற்ற சுமார் 2,180 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். ஆகவே ஆளுக்கு 0.6 யூனிட். நான்கு பேருக்கு நாளுக்கு ஏறக்குறைய 2.4, இரண்டு மாதத்துக்கு 145 யூனிட். எந்த வழியில் போனாலும் தண்ணீருக்குள் போக வேண்டிய வெப்பம் இதுதான். ஹீட்டரின் விலையோ கம்பெனியோ இதை மாற்றாது.

கேஸ் கெய்சர்: 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாகப் போனால் மிச்சம் கிட்டத்தட்ட அதே 145. அதாவது குளியலுக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர். கணக்கு கட்டுப்படியாகும்போல் தெரிந்தது. ஆனால் அந்தக் குளியலறையில் ஒரே ஒரு சின்ன ஜன்னல், குளிருக்கு அதையும் அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். மூடிய அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் வாசனையும் இல்லாதது. கருவாட்டு வாடை அளவுக்குக்கூட அது எச்சரிக்காது. வேண்டாம் என்றோம்.

சூரிய வெந்நீர்த் தொட்டி: நல்ல வழிதான், மலையில் பலர் வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டுக் கூரைக்குக் கிழக்கே பக்கத்து நிலத்து யூகலிப்டஸ் மரங்கள். முற்பகல் பாதி நிழலில் போகிறது. மழைக்காலத்தில் நாள்கணக்கில் மூட்டம். துணையாக மின்சாரம் எப்படியும் வேண்டும், அப்படியானால் ஒயரிங்கும் எப்படியும் வேண்டும். சோலார் பேனலும் பேட்டரியும் போட்டு அதில் ஹீட்டரை ஓட்டலாமா என்றும் கேட்டார். வீடுகளில் வைக்கும் 12 வோல்ட் 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆனால்கூட அதில் இருப்பது 1.8 யூனிட். நான்கு பேர் குளிப்பதற்கே அது போதாது. மின்சாரத்தைச் சேமித்து வைத்து அதைக் கொண்டு தண்ணீர் சுட வைப்பதைவிட, தண்ணீரையே சுட வைத்துச் சேமிப்பது எவ்வளவோ மலிவு. பைக்காராவில் 1930களிலேயே அருவி நீரிலிருந்து மின்சாரம் எடுத்த மலை இது. அந்த மின்சாரத்தைத் திரும்பவும் தண்ணீர் காய்ச்சத்தான் அதிகம் செலவழிக்கிறோம் என்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றும்.

கடைசியில் ஒயரிங்கை மாற்றுவது என்று முடிவாயிற்று. ஹீட்டருக்குப் போர்டிலிருந்து பிளக் வரை நடுவில் இணைப்பே இல்லாத தனி லைன், 4 ஸ்கொயர். கணக்குப்படி 2.5 ஸ்கொயரே போதும். ஆனால் பைப் பதிக்கும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், ஒயர் விலை வித்தியாசம் மட்டும். நாளைக்கு இதைவிடப் பெரிய ஹீட்டர் வந்தாலும் சுவரை உடைக்க வேண்டாம். இந்த லைனுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. அடுப்புக்குத் தனியாக 2.5 ஸ்கொயர். பழைய 1.5 லைனில் இனி விளக்குகள் மட்டும், அதற்கு 6 ஆம்பியர். எல்லா பிளக்குக்கும் பச்சை எர்த் ஒயர். பழைய எர்த் குழியில் குழாய் துருப்பிடித்து மேல்முனை அறுந்துபோகும் நிலையில் இருந்ததால் புதுக் குழி எடுத்தோம். ஈர மண் என்பதால் எர்த் தடை 5 ஓமுக்குக் கீழேயே வந்துவிட்டது. மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பம்.

15 லிட்டர் தொட்டி ஹீட்டருக்கு மாறச் சொல்லியும் பார்த்தேன். அதில் எலிமென்ட் 2 கிலோவாட், சுமார் 9 ஆம்பியர்தான் இழுக்கும். கரண்டின் வர்க்கத்தைப் பார்த்தால் இணைப்புகளில் உண்டாகும் வெப்பம் பாதிக்கும் கீழே. இருக்கிற ஹீட்டர் நன்றாகத்தானே இருக்கிறது என்று பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பணம், அவர் முடிவு.

அதன் பிறகு

வேலை முடிந்த பின் லோடில் அளந்தோம். போர்டில் 226, பிளக்கில் 224. ஹீட்டர் இழுக்கும் திறன் 2,650 வாட்டிலிருந்து 2,850 ஆகக் கூடியது. அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக் மேல் புறங்கையை வைத்தால் சுவரின் சில்லிப்புதான் தெரிந்தது.

ஆனால் முதல் புகார்? தண்ணீர் நன்றாகச் சுடுகிறதா என்றால், கொஞ்சம்தான் வித்தியாசம். 40 டிகிரி வெந்நீர் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் வந்துகொண்டிருந்தது, இப்போது அதைவிட அரை டம்ளர் கூட. தண்ணீர் சுடாததற்குப் பெரிய காரணம் வோல்டேஜே அல்ல, குளிர்காலத் தண்ணீர். சமவெளியில் 27 டிகிரி தண்ணீர் உள்ளே போகும் வீட்டில் இதே ஹீட்டர் இரண்டு மடங்கு வெந்நீர் தரும். குழாயைக் குறைத்துத் திறக்கச் சொன்னோம். சூடாக வந்தது, ஆனால் வாளி நிறையப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. உடனடி ஹீட்டர் விற்கிறவர்கள் இந்த ஊர்க் குளிரைக் கணக்கில் சேர்த்துச் சொல்வதில்லை.

பில்லும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஒயரிலும் இணைப்பிலும் வீணானது மொத்தம் 120 வாட் சுமார். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட். நான்கு பேர் வீட்டுப் பில்லில் அது கண்ணிலேயே படாது. லூஸ் கான்டாக்ட் இருந்தால் பில் எகிறும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இந்த வீட்டைக் கொளுத்தியிருக்கக்கூடிய வெப்பத்தின் விலை பில்லில் சில்லறைக் காசு. பில்லைப் பார்த்து யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

சில வாரங்களில் ஆர்.சி.சி.பி. இரவில் விழ ஆரம்பித்தது. ஹீட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். தேடியதில் வாசல் விளக்கின் ஹோல்டருக்குள் மூடுபனியின் ஈரம் இறங்கியிருந்தது. "இந்தத் தொல்லையைக் கழட்டிடுங்க தம்பி, முன்ன நிம்மதியா இருந்துச்சு" என்றார் பெரியவர். கழற்றவில்லை. வாசல் விளக்குக்கு மூடிய ஃபிட்டிங் மாற்றி, வெளிவிளக்குகளை மட்டும் தனி ஆர்.சி.சி.பி.யில் பிரித்துக் கொடுத்தோம். வெளியே ஈரம் பட்டால் வெளியே மட்டும் அணையும். அதற்குப் பிறகு புகார் இல்லை.

இப்போது மாறியிருக்கும் வேலைமுறை

இந்த வீட்டுக்குப் பிறகு, எங்கள் ஆட்கள் ஹீட்டர் புகாருக்குப் போனால் வோல்டேஜை லோடு இல்லாமல் ஒரு முறையும் லோடில் ஒரு முறையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். 10 வோல்ட் வித்தியாசம் என்றால் வழியில் உள்ள எல்லா ஜங்ஷன் பாக்ஸையும் திறக்காமல் திரும்பக் கூடாது. லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பூஜ்யம் காட்டினால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம். டெஸ்ட் லேம்ப் வைத்து எர்த் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

16 ஆம்பியர் லைனில் முறுக்கு இணைப்பு கிடையாது. தவிர்க்கவே முடியாத இடத்தில் திருகுடன் கூடிய கனெக்டரோ அழுத்திப் பொருத்தும் லக் என்ற உலோக முனையோ போட வேண்டும், மாதம் கழித்துப் போய்த் திருகை ஒரு முறை இறுக்கிவிட்டு வர வேண்டும். புது ஒயரின் இழைகள் திருகுக்குக் கீழே அமுங்கிப் படிய நேரம் எடுக்கும். முதல் முறை இறுக்கியது பல இடங்களில் கால் சுற்று இடம் கொடுக்கிறது. இதற்குத் தனியாகக் காசு கேட்க முடியாது, கேட்டாலும் தரமாட்டார்கள். முதல் கூலியிலேயே சேர்த்துவிடுகிறோம்.

வீட்டாரிடம் கேட்கும் கேள்விகளும் மாறின. "என்ன ஓடலை?" என்பதோடு, "எம்.சி.பி. யாராவது மாத்தினாங்களா?", "எங்கயாவது மீன் வாடை அடிக்குதா?" என்று கேட்கிறோம். மீன் வாடைக் கேள்விக்குச் சிலர் சிரிக்கிறார்கள்.

அதே வரிசையில் உள்ள மற்ற வீடுகளுக்கும் ஒயரிங் செய்தவர் ஒருவரே. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுத் திறந்து பார்த்ததில், அதே நடையில் அதே பெட்டியில் அதே முறுக்கு இருந்தது. அங்கே ஹீட்டர் இல்லாததால் செம்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. அவர் அடுத்த மாதம் ஹீட்டர் வாங்குவதாக இருந்தார். லைன் இழுத்த பிறகு வாங்கச் சொல்லியிருக்கிறேன். மற்ற வீட்டுக்காரர்கள் கொழுந்து சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்கிறார்கள்.